நான்கு மொழி நாடகத்துக்கு மேடை தாருங்கள்

ஐரோப்பிய நகரங்களில் தமிழ்க் கலைமாலைகளையும் நாடக விழாக்களையும் நடத்தும் அமைப்புகளுக்கு,

வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சிகளை நீங்கள் திட்டமிடத் தொடங்கும் முன்னர் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். கேட்க வந்தது இதுதான்: இலங்கையில் நடந்த எங்கள் போரைப் பற்றியும், அந்தப் போருக்குள்ளும் மனிதர்களுக்கு இருந்த ஆசைகளைப் பற்றியும், உயிர் தப்ப அவர்கள் மாற்றிக்கொண்ட, மறைத்துக்கொண்ட அடையாளங்களைப் பற்றியும், தமிழும் சிங்களமும் பிரெஞ்சும் ஆங்கிலமுமாகப் பேசும் நாடகங்களுக்கு உங்கள் மேடையில் இடம் கொடுங்கள். கொடுத்த பிறகு, யாரோ ஒருவர் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட்டார் என்பதற்காக அந்த இடத்தைத் திருப்பி வாங்காதீர்கள்.

உங்களில் பலரை நேரில் தெரியும். மண்டபக் காசு சேர்க்க நீங்கள் கடை கடையாக ஏறி இறங்குவது தெரியும். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பது உங்கள் சொந்தக் காசில் என்பதும் தெரியும். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன், ஆனால் மழுப்பாமல் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் பாரிஸ் 20ஆம் வட்டாரத்தில் உள்ள லா கொலின் தேசிய அரங்கில் மேடையேறியது. எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் மெத்ரோ ஏறி, பெர் லஷேசில் மாறி, கம்பெத்தாவில் இறங்கினால் அரங்கம் வந்துவிடும், அவ்வளவு கிட்ட. நாடகத்தின் பெயர் ‘தூஸ் தே ஸுவாஸோ’, ‘எல்லோரும் பறவைகள்’ என்று சொல்லலாம். எழுதி இயக்கியவர் வஜ்தி முவாவத். 1968இல் லெபனானில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு சிறுவனாகக் குடும்பத்தோடு பிரான்சுக்கு வந்து, இங்கே நிலைக்க முடியாமல் 1983இல் கியூபெக்குக்குப் போய், அங்கே நாடகம் படித்து, பிறகு இதே பாரிஸுக்கு ஒரு தேசிய அரங்கின் இயக்குநராகத் திரும்பி வந்தவர். அந்தப் பயணத்தின் முதல் பாதியை எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நான்கு மணி நேர நாடகம். மேடையில் ஜெர்மன், ஆங்கிலம், அரபு, ஹீப்ரு என்று நான்கு மொழிகள். பிரெஞ்சு வசனம் எழுத்தாக ஒளிரும். முவாவத் முழு நாடகத்தையும் பிரெஞ்சில் எழுதினார், அதைப் பிறர் அந்த நான்கு மொழிகளுக்கும் பெயர்த்தார்கள். ஆகவே ஆசிரியர் எழுதிய மூல வசனம் எந்த நடிகரின் வாயிலிருந்தும் வருவதில்லை, பார்வையாளர் கண்ணால் வாசிப்பதோடு சரி. இப்படி ஒரு காரியத்தை ஒரு எழுத்தாளர் விரும்பிச் செய்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். இருக்கிறது.

கதை இப்படிப் போகிறது. எய்த்தான், பெர்லினில் இருக்கும் ஒரு யூதக் குடும்பத்துப் பையன், மரபணு விஞ்ஞானம் படிப்பவன். வாஹிதா, அரபு வேர் கொண்ட அமெரிக்கப் பெண், வரலாற்று ஆய்வு மாணவி. நியூயோர்க்கில் ஒரு நூலகத்தில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். இவர்கள் பேசுவது ஆங்கிலம். பையனின் தகப்பன் தாவித் இந்தக் காதலை ஏற்க மறுக்கிறான், மறுப்பதென்றால் சாதாரணமாக இல்லை, இனத்துக்கே துரோகம் என்று ஜெர்மனில் கத்துகிறான். பையன் என்ன செய்கிறான் என்றால், குடும்பம் ஒன்றாக இருந்து உண்ட விருந்தின் கரண்டிகளை இரகசியமாக எடுத்துக்கொண்டு போய் மரபணுச் சோதனை செய்து பார்க்கிறான். தகப்பன் தாத்தாவுடைய பிள்ளை இல்லை என்று வருகிறது. அப்படியென்றால் யாருடைய பிள்ளை? இதைத் தேடித்தான் இருவரும் இஸ்ரேலுக்குப் போகிறார்கள். ஜோர்தானுக்கும் மேற்குக் கரைக்கும் இடையிலான அலன்பி பாலத்தில் குண்டுவெடிப்பு நடக்கிறது, பையன் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வாஹிதா தனியே நிற்கிறாள். சோதனைச் சாவடியில் அவளை விசாரிக்கும் பெண் சிப்பாய் ஏதன், அவளுடைய உடம்பைத் தடவிச் சோதிக்கிறாள். அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே அச்சமும் ஈர்ப்பும் ஒன்றாக எழுகின்றன. எங்கள் ஊரில் சென்றிப் பொயின்ற் என்ற இராணுவச் சோதனைச் சாவடி ஒன்றைத் தாண்டி வந்த யாருக்கும் அந்தக் காட்சியில் வயிறு பிசையும்.

கடைசியில் உண்மை தெரிகிறது. 1967 போரில் சிப்பாயாக இருந்த தாத்தா எத்கார் ஒரு பாலஸ்தீனக் குழந்தையை எடுத்து வந்து தன் பிள்ளையாக வளர்த்திருக்கிறார். தாவித் அந்தக் குழந்தை. அரபுப் பெண் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நின்றவன் அரபுக் குடும்பத்தில் பிறந்தவன். அவனுக்கு அது தாங்கவில்லை. அவன் சாகும் தறுவாயில் 16ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் அவனிடம் வருகிறார், ஹசன் அல் வஸ்ஸான், கிரனாடாவில் பிறந்த முஸ்லிம் அறிஞர், 1518இல் கடற்கொள்ளையர் பிடித்துப் போய் பாப்பரசருக்குக் கொடுக்க, ரோமில் ஞானஸ்நானம் பெற்று லியோ என்று பெயர் மாறி, ஆபிரிக்காவைப் பற்றி இத்தாலிய மொழியில் எழுதியவர். வாஹிதாவின் ஆய்வே அவரைப் பற்றித்தான். இந்தப் பகுதிக்கு வரலாற்றாய்வாளர் நத்தலி ஸெமொன் டேவிஸ் முவாவத்துக்கு உறுதுணையாக இருந்தார்.

இதைப் பார்க்கும்போது ஒரு துப்பறியும் கதையின் இழுவிசை இருக்கும், யார் யாருடைய பிள்ளை என்று தெரியும் வரை எழுந்து போக மனம் வராது. ஆனால் நான்கு மொழி இல்லாமல் இந்தக் கதை நடக்கவே முடியாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தகப்பன் ஜெர்மனில் கோபப்படுவதும், தாத்தாவும் பாட்டியும் ஹீப்ருவில் பழைய கணக்கை எடுப்பதும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் காதல் சொல்வதும் எல்லாம் ஒரே மொழியில் நடந்திருந்தால் யார் யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள் என்பது விளங்காமல் போயிருக்கும். முதல் தயாரிப்பில் பாட்டியாக நடித்த லெயோரா ரிவ்லின் இஸ்ரேலியர், வஸ்ஸானாக நடித்த ஜலால் அல்தவீல் சிரியாவிலிருந்து தப்பி வந்தவர். ஒத்திகை அறையிலேயே அந்தப் போர் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாரிஸுக்குப் பிறகு வில்லர்பான் முதலான ஊர்களுக்கு அந்தத் தயாரிப்பு போனது. 2018இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அரங்கம் தன் சொந்தத் தயாரிப்பாக அதைப் பன்மொழியில் மேடையேற்றியது, 2019இல் கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்ட் விழாவுக்கும் போனது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2022 நவம்பரில் மியூனிக் நகரத்து மெட்ரோபோல் அரங்கில் இதே நாடகம் ஜெர்மன் மொழியில் ‘ஃபோகெல்’ (பறவைகள்) என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. யூத மாணவர் அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதின. நாடகம் யூத வெறுப்பைக் காவுகிறது, யூதப் படுகொலையைச் சிறுமைப்படுத்தும் வசனங்கள் அதில் இருக்கின்றன என்பது அவர்கள் முறைப்பாடு. அரங்கம் நாடகத்தை நிறுத்திவிட்டது. 2024 ஏப்ரலில் பெய்ரூத்தில், அதே முவாவத் தன் சொந்த நாட்டில், ல மொனோ அரங்கில், லெபனான் போரின் குண்டுச் சத்தத்துக்கு நடுவே கலியாண விருந்து சமைக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய தன் பழைய நாடகத்தை லெபனான் நடிகர்களோடு போட இருந்தார். அவர் இஸ்ரேலோடு உறவு வைத்தவர் என்று முறைப்பாடு போனது, ‘எல்லோரும் பறவைகள்’ தயாரிப்புக்கு இஸ்ரேல் தரப்பிலிருந்து உதவி பெற்றார் என்பதையும் அதில் சேர்த்தார்கள். லெபனானில் 1955இலிருந்து இஸ்ரேல் புறக்கணிப்புச் சட்டம் இருக்கிறது. நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் மிரட்டல் வந்தது, அரங்கம் நிகழ்ச்சியை இரத்துச் செய்தது.

ஒரே ஆள். ஒரு ஊரில் யூத எதிரி, இன்னொரு ஊரில் இஸ்ரேலின் கையாள். இந்த இரண்டு முறைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் பயம் வருகிறது. ஏனென்றால் எங்கள் ஆட்களும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு மேடையில் சிங்களச் சிப்பாய் ஒருவன் தன் தாயை நினைத்து அழுதால் இங்கே துரோகி என்பார்கள், அதே மேடையில் முள்ளிவாய்க்கால் வந்தால் கொழும்பில் புலி என்பார்கள்.

மியூனிக் மாணவர்களின் வலியை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஹோலோகாஸ்டைப் பற்றிய ஒரு வசனம் மேடையில் சிரிப்பாக விழும்போது, அந்தக் குடும்பங்களிலிருந்து வந்த ஒரு இருபது வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கும். கடிதம் எழுத அவர்களுக்கு முழு உரிமை உண்டு, நானும் உங்களுக்குக் கடிதம்தானே எழுதுகிறேன். கடிதம் வந்ததும் அரங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. நாடகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அந்த மாணவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, இயக்குநரை எதிரே இருத்தி, சனத்துக்கு முன்னால் கேட்கச் சொல்லியிருக்கலாம். கதவைப் பூட்டினால் பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி, பார்க்காதவர்கள் வாழ்நாள் முழுக்க கேள்விப்பட்டதை வைத்தே கதைப்பார்கள்.

இனி எங்கள் மேடைக்கு வருகிறேன்.

எங்களுக்கு நாடகம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ போடப்பட்டது போர்க்காலத்தில், சனம் அப்படியும் வந்து பார்த்தது. பிறகு பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துப்போன தாய் தகப்பனைப் பற்றி அவரே ‘எந்தையும் தாயும்’ எழுதினார். அது அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, அதாவது எங்களைப் பார்த்து, கேட்ட கேள்வி. இப்படிக் கேள்வி கேட்ட மரபு எங்களுக்கு இருந்தும், இங்கே வந்த பிறகு எங்கள் மேடையில் பெரும்பாலும் மூன்றே பாத்திரங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: போராளி, தாய், துரோகி. நவம்பரில் மாவீரர்களை நினைவு கூர்வது வேறு, அதில் நான் கை வைக்கவில்லை, அந்த நாள் அந்தக் குடும்பங்களுடையது. மற்றப் பதினொரு மாதமும் மேடையில் வேறு மனிதர்கள் வரக் கூடாதா?

யார் வரவில்லை என்று சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், வெளியேற்றிய முஸ்லிம்கள் வரவில்லை. 70,000க்கும் மேற்பட்ட சனம். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். அவர்கள் பேசியது தமிழ், எழுதியது தமிழ், அவர்களில் எத்தனையோ பேர் எங்கள் அண்ணன்மாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள். புத்தளத்து முகாமில் இருந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கும் பாரிஸில் வளர்ந்த ஒரு யாழ்ப்பாணப் பையனுக்கும் காதல் என்று ஒரு நாடகம் தொடங்கட்டும், அந்தப் பையனின் தகப்பன் அந்த ஒக்டோபர் நாளில் எங்கே நின்றார் என்று பிள்ளை தேடத் தொடங்கட்டும். எந்தத் துப்பறியும் கதையை விடவும் அது பதைபதைக்க வைக்கும். இருக்கையின் விளிம்பில் இருந்து பார்ப்போம்.

வேறு பெயரில் வாழ்ந்தவர்கள் வரவில்லை. எங்களில் எத்தனை பேர் இன்னொருவருடைய கடவுச்சீட்டில் விமானம் ஏறினோம், இன்னொருவருடைய வதிவிட அட்டையில் உணவகங்களில் கோப்பை கழுவினோம், சம்பளச் சிட்டையில் இருக்கும் பெயரைக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கப் பழகினோம். சிலருக்கு அந்தப் பெயரே இன்றைக்கும் சட்டப்படியான பெயர், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலும் அதுதான். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அடையாளத்தைப் பற்றி நாடகம் எழுத எங்களுக்குக் கற்பனையே தேவையில்லை.

அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ப்ராவின் நேர்காணல் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, மூன்று கதிரை. அதிகாரி பிரெஞ்சில் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார், வந்தவர் தமிழில் பதில் சொல்கிறார், அது பிரெஞ்சாகி விசைப்பலகையில் ஏறுகிறது. எந்த மாதம் பிடித்தார்கள், எந்த முகாம், விசாரித்தவன் என்ன மொழி பேசினான். அங்கே விசாரித்தவன் சிங்களத்தில் கத்தியதை இவர் தமிழில் நினைவு வைத்திருக்கிறார், இப்போது அது பிரெஞ்சாகப் போகிறது, வழியில் எங்கோ ஒரு மாதம் மாறிவிட்டால் கோப்பு நிராகரிக்கப்பட்டு மொந்த்ரேயில் உள்ள அகதிகள் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்குகிறார். ஏன் தயங்குகிறார்? சொல் கிடைக்கவில்லையா, அல்லது அவருக்கும் அந்த முகாம் தெரியுமா, அல்லது எதிரே இருப்பவர் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதா? எனக்கு இதற்கு மேல் ஒரு காட்சி வேண்டாம், இந்த ஒரு தயக்கத்திலிருந்தே இரண்டு மணி நேர நாடகம் எழுதலாம். ஆனால் அந்த அறையை முழுக்கத் தமிழில் நடித்துக் காட்டினால் எல்லாமே செத்துவிடும், மூன்று மொழியும் காதில் விழ வேண்டும்.

அப்புறம் ஆசை. இதைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு அறையில் ஆறு பேர் எட்டுப் பேர் என்று வருடக்கணக்காக இருந்த ஆண்களுக்கு உடம்பு இருந்தது, தனிமை இருந்தது. அவர்களில் சிலர் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். படத்தைப் பார்த்துச் சம்மதித்து விமானம் ஏறி வந்த பெண்களுக்கும், இங்கே வந்து இறங்கியபோது தாங்கள் விட்டுவிட்டு வந்த ஒருவன் நினைவில் இருந்தான். இயக்கத்திலிருந்த பெண்கள் காதலித்தார்கள், கலியாணத்துக்கு அனுமதி கேட்டு எழுதினார்கள். போர் நடந்ததால் இந்த மனிதர்கள் ஆசைப்படுவதை நிறுத்தவில்லை. ஆசைப்பட்டதற்குக் கொடுத்த விலைதான் கூடிப்போனது. அந்த விலையை மேடையில் காட்டாமல் போரைக் காட்டினோம் என்று எப்படிச் சொல்வது?

என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. எங்கள் சிறு குழு எழுதிய ஒரு பிரதியை ஒரு விழாவுக்குக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு முஸ்லிம் நண்பன் வருவான், இரண்டு காட்சி சிங்களத்தில் நடக்கும். விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, நல்ல மனிதர், பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் மெல்லிய கோடு போட்ட பக்கங்களைக் காட்டினார். “தம்பி, கதை நல்லாயிருக்கு. ஆனா இது இப்ப தேவையா?” என்றார். நண்பனைத் தமிழனாக்கி, சிங்களக் காட்சியைத் தமிழாக்கிவிட்டால் முதல் நிகழ்ச்சியாகவே வைக்கலாம் என்றார். நாங்கள் மாற்றவில்லை, நாடகம் போடப்படவும் இல்லை. அவர் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு யார் யாரெல்லாம் தொலைபேசி எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நோவது வேறு இடத்தில்: அந்தப் பிரதியில் சிங்களச் சிப்பாயாக நடிக்க இருந்த பையன் இங்கேயே பிறந்தவன், அந்தப் பாத்திரத்துக்காக யூடியூப் பார்த்துச் சிங்களம் படிக்கத் தொடங்கியிருந்தான். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று தானாக விரும்பிச் சிங்களம் படித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகள் என்று வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் தாய் தமிழில் கேட்கிறாள், பிள்ளை பிரெஞ்சில் பதில் சொல்கிறது, இலண்டனிலிருந்து வந்த மச்சாள் ஆங்கிலத்தில் நடுவே புகுகிறாள், அம்மம்மா கொழும்பில் இருந்த காலத்துச் சிங்களத்தில் யாரையோ ஏசுகிறாள், எல்லோருக்கும் எல்லாமும் பாதி விளங்குகிறது. ஆனால் மேடையில் ஏறியதும் அதே பிள்ளை செந்தமிழில் “தாயே, விடை கொடுங்கள்” என்று ஒப்பிக்கிறது. கீழே இருக்கும் மற்றப் பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டில் கேட்கும் எந்தப் பேச்சும் அந்த மேடையில் இல்லை.

எங்கள் கதையை இந்த முறையில் செய்து காட்டியும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் ச. சக்திதரன் எழுதிய ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ 2019இல் சிட்னி நகர மண்டபத்தில் பெல்வோர் அரங்கத் தயாரிப்பாக மேடையேறியது. கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம், சிட்னியில் ஒரு தாயும் மகனும், ஒரு காலம் இறந்துவிட்டார் என்று நம்பப்பட்ட தகப்பன். ஆங்கிலமும் தமிழும் சிங்களமும். அங்கே எழுத்துப் பலகை வைக்கவில்லை, ஒரு நடிகர் தமிழில் பேசும்போது இன்னொரு நடிகர் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார், மொழிபெயர்ப்பதும் நடிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். 2022இல் எடின்பரோ விழாவுக்கும் 2024இல் நியூயோர்க்குக்கும் அது போனது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகம். ‘சனம் வராது’ என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

செலவைப் பற்றிச் சொல்வீர்கள். உண்மைதான், லா கொலினுக்கு அரசு பணம் தருகிறது, உங்களுக்குப் புடவைக் கடை விளம்பரம்தான் தருகிறது. ஆனால் மேல்வசனம் போடுவதற்கு ஒரு லாப்டாப், ஒரு புரொஜெக்டர், வெள்ளைத் துணி, எல்லா ஒத்திகைக்கும் தவறாமல் வரும் பொறுமைசாலி ஒருவர் போதும். அந்த ஆள்தான் முக்கியம். நாங்கள் கொஞ்சம் செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டது: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போடக் கூடாது, நடிகர் சொல்வதை முழுக்கப் பெயர்க்காமல் சாரத்தைப் பெயர்க்க வேண்டும், ஏனென்றால் சனம் நடிகரின் முகத்தையும் பார்க்க வேண்டும். நடிகர் வசனத்தைத் தாண்டிப் போய்விட்டால் கை பதறாமல் கூடவே தாண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வரியை முந்திப் போடவே கூடாது. தாவித்துக்குத் தன் பிறப்பு தெரியவரும் அந்தக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள், எழுத்து ஒரு விநாடி முந்தி விழுந்துவிட்டால் அவனுக்கு முன்னர் மண்டபத்துக்குத் தெரிந்துவிடும், அத்தனை மணி நேரம் கட்டியெழுப்பியது அந்த விநாடியில் போய்விடும். இரகசியத்தைக் கையில் வைத்திருப்பது அந்த லாப்டாப்பில் இருப்பவர்தான்.

சில இடத்தில் வேண்டுமென்றே எழுத்துப் போடாமல் விடலாம். சென்றியில் சிப்பாய் சிங்களத்தில் கத்துகிறான், மேலே எதுவும் வரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது என்ன விளங்கும்? தங்கள் தகப்பனுக்கு இருபது வயதில் விளங்காமல் நின்ற அதே நிலை விளங்கும். 83 இனக்கலவரத்தில் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் ஒரு சிங்களச் சொல்லை உச்சரித்துக் காட்டச் சொல்லி, நாக்குப் பிசகியவர்களை இறக்கினார்கள் என்று நாங்கள் எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். அதை மேடையில் ஒரு முறை காது கேட்கட்டும்.

‘காயம் இன்னும் ஆறவில்லை, இப்போது வேண்டாம்’ என்பது எனக்கு மிகவும் கனமான மறுப்பு. பிள்ளையைத் தேடி இன்றைக்கும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரத்தில் படத்தோடு இருக்கும் தாய்மாரை வைத்துக்கொண்டு, எதிரிக்கும் மனது உண்டு என்று நாடகம் போடப் போகிறாயா என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் நான் கேட்பது எதிரியை மன்னிக்கும் நாடகம் இல்லை. முவாவத்தின் நாடகத்திலும் யாரும் யாரையும் மன்னிப்பதாக முடியவில்லை, காதல் கூடச் சேரவில்லை, வாஹிதா தன் அரபு வேரைத் தேடி மறுபக்கம் போகிறாள். உண்மை எவ்வளவு கனமானது என்று காட்டிவிட்டு நாடகம் நின்றுவிடுகிறது. அந்தத் தாய்மாருக்கும் உண்மைதான் வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே குறிப்பாகக் கேட்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மாலையை இப்படியான நாடகத்துக்கு ஒதுக்குங்கள். பிரதியை முன்கூட்டி வாசியுங்கள், கேள்வி கேளுங்கள், கலை சரியில்லை என்றால் தாராளமாக நிராகரியுங்கள், ஆனால் பென்சில் கோடு போட்டு ஆளை மாற்றச் சொல்லாதீர்கள். ஏற்றுக்கொண்டால் அதை எழுத்தில் தாருங்கள், முறைப்பாடு வந்தால் நாடகத்தை நிறுத்தாமல் அதற்குப் பிறகு ஒரு மணி நேரக் கலந்துரையாடல் வைப்போம் என்றும் அந்தக் கடிதத்திலேயே சேருங்கள். முறைப்பாடு செய்பவருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்குங்கள், முதல் கேள்வியும் அவருக்கே. சிங்கள நடிகர் ஒருவரை அழைத்தால் அவருக்கு யாரும் மண்டப வாசலில் கரைச்சல் கொடுக்க மாட்டார்கள் என்று பொறுப்பெடுங்கள், அதேபோல் முஸ்லிம் நடிகருக்கும். பாரிஸில் ஒரு முறை போட்டால் இலண்டனுக்கும் சூரிச்சுக்கும் ஒஸ்லோவுக்கும் அதே தயாரிப்பைக் கொண்டுபோக உங்களுக்குள் பேசி ஒழுங்கு செய்யுங்கள். சூரிச்சில் பிரெஞ்சுக்குப் பதிலாக ஜெர்மன் எழுத்து ஓடட்டும், ஒஸ்லோவில் நோர்வேஜிய எழுத்து. பெயர்ப்பதற்கு அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைப் பிடியுங்கள், அவர்களுக்கு இதை விட நல்ல தமிழ் வகுப்பு கிடைக்காது.

எங்கள் பிரதி தயாராக இருக்கிறது, முஸ்லிம் நண்பனும் இருக்கிறான், சிங்களக் காட்சிகளும் இருக்கின்றன, அந்தப் பையனும் இப்போது சிங்களம் நன்றாகவே கதைக்கிறான். நீங்கள் எடுக்கும் மண்டபத்தில் புரொஜெக்டர் தொங்கவிட வசதி இருக்கிறதா, மேடைக்கு மேலே எத்தனை மீற்றர் சுவர் கிடைக்கும் என்பதை மட்டும் அறியத் தாருங்கள். மறுநாளே பிரதியை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
பாரிஸ் புறநகரிலிருந்து, உங்கள் விழாக்களுக்கு நாடகம் எழுதும் ஒருவர்